டெய்லர் கடை டூ-இன்-ஒன்னில் அழிந்த எழுத்துகள்

எங்கள் தெருமுனை டெய்லர் மாமா போன ஆவணியில் ஒரு கேசட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். 1984-ல் அவர் தங்கைக்கு நடந்த வளைகாப்பில் அவருடைய அம்மாவும் பெரியம்மாவும் பாடியது அதில் இருக்கிறது. அம்மாவின் குரல் என்று அவரிடம் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அதன் நடுவில் 11 விநாடி அழிந்துவிட்டது. பாட்டுக் கேட்க ஆசைப்பட்ட பேத்தி, பிளே என்று நினைத்து ரெக்கார்ட் பட்டனை அழுத்தியிருக்கிறாள். கடையில் இருக்கும் டூ-இன்-ஒன், அதாவது ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த செட்டில், ரெக் பட்டனை அழுத்தினால் பிளேயும் சேர்ந்து இறங்கிவிடும். உள்ளேயே இருக்கும் மைக் வழியாகத் தையல் மெஷின் ஓடும் சத்தமும் குழந்தை சிரிக்கும் சத்தமும் பாட்டுக்கு நடுவே பதிந்துவிட்டன.

கேசட் நாடா விநாடிக்கு 4.76 செ.மீ. ஓடும். 11 விநாடி என்றால் 52 செ.மீ., அதாவது ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேல். போனது போனதுதான், அதை எந்த மெக்கானிக்காலும் மீட்க முடியாது. முதலில் கேசட்டின் பின்விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளையும் ஸ்க்ரூ டிரைவரால் உடைத்துவிட்டேன். அந்த நாக்கு இல்லாத கேசட்டைப் போட்டால் ரெக் பட்டன் கீழே இறங்காது. வீட்டில் இப்படிப்பட்ட கேசட் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இன்றைக்கே இதைச் செய்துவிட வேண்டும். இரண்டு பக்கத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு, "மாமா, அந்த செட்டை ஒருதரம் கொண்டு வாங்க" என்றேன்.

"பாட்டெல்லாம் நல்லாத்தான் பாடுது தம்பி. எழுத்துதான் ஒண்ணும் தெரியல. எனக்கு விரலுக்குத் தெரியும். பாப்பாவுக்கு எப்படித் தெரியும்?"

ஒரு செட்டின் எழுத்துக்காக நான் ஒரு மாதம் உட்கார்ந்ததற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

செட், நேஷனல் பானசோனிக். இரண்டு ஸ்பீக்கர் உள்ள ஸ்டீரியோ. மாமாவின் அண்ணன் 1983-ல் சவுதியிலிருந்து வந்தபோது தூக்கிக்கொண்டு வந்தது. அந்த வருஷங்களில் வளைகுடாவிலிருந்து ஊருக்குத் திரும்பியவர்கள் பலரின் பெட்டிகளோடு இப்படி ஒரு செட்டும் வந்து இறங்கும். வெளிநாட்டுச் சந்தைகளுக்கு மட்சுஷிதா கம்பெனி அப்போது 'நேஷனல்', 'பானசோனிக்' என்ற இரண்டு பெயரையும் சேர்த்துப் போட்டு விற்றுவந்தது. 2008-ல்தான் கம்பெனியின் பெயரே பானசோனிக் என்று மாறியது.

மேஜையில் வைத்துப் பார்த்தால் நாற்பது வருஷம் அதை யார், எப்படிப் புழங்கினார்கள் என்று அழிந்த இடங்களே சொல்லின. வால்யூம் குமிழைச் சுற்றி இருந்த 0 முதல் 10 வரையிலான எண்களில் 3, 4, 5 சுத்தமாக இல்லை, 9-ம் 10-ம் புதுசு போல இருந்தன. கடையில் யாரும் அலறவைத்துக் கேட்டதில்லை என்று புரிந்தது. பேஸ், டிரெபிள் குமிழ்களின் எழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை. பட்டன்களுக்கு மேலே ஒரு விரல் அகலத்தில் மெல்லிய அலுமினியப் பட்டை ஓடுகிறது. ரெக், பிளே, ரிவைண்ட், ஃபார்வர்ட், ஸ்டாப்/எஜெக்ட், பாஸ் என்று ஆறு பெயரும் அதில்தான் அச்சாகியிருந்தன. அதில் 'பாஸ்' முழுசாகவும் 'ஃபார்வர்ட்' பாதியும் மிஞ்சியிருந்தன. மற்றவை போய்விட்டன.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பழைய செட்டுகளில் எழுத்தைப் பெரும்பாலும் அழிப்பது வயது இல்லை, நாம் சுத்தம் செய்யும் விதம்தான். பிளாஸ்டிக் மேல் அச்சடித்த மை முடியை விட மெல்லிய படலம். அதன் மேல் படிந்திருக்கும் விரல் அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் அதைவிட கெட்டியாக ஒட்டியிருக்கும். துணியில் ஸ்பிரிட்டை ஊற்றித் தேய்த்தால் அழுக்கும் எழுத்தும் ஒன்றாகவே வந்துவிடும். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகக்கூடாது, அசிட்டோன் பட்டால் ஏபிஎஸ் பிளாஸ்டிக் உருகும். சில வருஷத்துக்கு முன் என்னுடைய இன்னொரு செட்டில் ஐசோபுரோப்பில் ஆல்கஹாலை நம்பி ஒரே ஒரு முறை இழுத்தேன். 'டியூனிங்' என்ற சொல் பஞ்சோடு வந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்தத் திரவமானாலும், கண்ணுக்குப் படாத இடத்தில் இருக்கும் எழுத்தில் காது குடையும் பஞ்சால் 10 விநாடி தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

டெய்லர் கடை செட் என்பதால் அழுக்கில் பாதி, மெஷினுக்கு விடும் எண்ணெயும் நூல் பிசிறும். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட், மிக மெல்லிய வாட்டர் கலர் பிரஷ், அவ்வளவுதான். எழுத்து உள்ள இடத்தில் தேய்க்காமல், பிரஷால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். முன்பக்கம் முழுவதற்கும் இரண்டு சாயங்காலம் ஆனது.

சுத்தம் செய்த பிறகு ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைப் பேனலுக்குப் பக்கவாட்டில் கிட்டத்தட்ட படுக்கவைத்து அடித்தேன். இது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்ப்பைத் தரும் நேரம். பகலில் வெறும் கறுப்பாக இருந்த இடத்தில் '4' என்ற எண் தெரிந்தது. மை போய்விட்டது, ஆனால் அது இருந்தவரை அடியில் இருந்த பிளாஸ்டிக்கை வெயிலிலிருந்தும் வியர்வையிலிருந்தும் மறைத்து வைத்திருந்தது. அதனால் அந்த இடம் மட்டும் சுற்றிலும் உள்ளதை விடக் கொஞ்சம் பளபளப்பாக இருக்கிறது. வெளிச்சத்தை நேராக அடித்தால் தெரியாது. சாய்த்து, மெதுவாக நகர்த்தினால் எழுத்து எழுந்து வந்து மறுபடி மறையும். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, டார்ச்சை நான்கு திசையிலும் வைத்து ஒவ்வொன்றாகப் படம் எடுத்தேன். '3' கிடைக்கவில்லை. '4', '5' இரண்டும் கிடைத்தன. அலுமினியப் பட்டையில் பிளேயின் முக்கோணமும், ரெக்கின் மூன்று ஆங்கில எழுத்துகளில் முதல் இரண்டும் கிடைத்தன.

அப்புறம் செட்டைப் பிரித்து முன் பேனலைத் தனியாக எடுத்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, திருகுகளை எந்தெந்த ஓட்டையிலிருந்து எடுத்தோம் என்று ஒரு அட்டையில் குத்தி வைத்துக்கொண்டால் போதும்.

பேனலை ஸ்கேனரில் கவிழ்த்து, பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலும் வைத்து 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தேன். வீட்டில் இருக்கும் மெலிந்த ஸ்கேனர் கண்ணாடியைத் தொடும் பரப்பை மட்டும்தான் தெளிவாக எடுக்கும், இரண்டு மி.மீ. பள்ளத்தில் இருக்கும் எழுத்துகூட மங்கிவிடும். ஜெராக்ஸ் கடையில் இருந்த பழைய, தடித்த சிசிடி வகை ஸ்கேனர் பள்ளத்தையும் சரியாகப் பிடித்தது.

எழுத்துரு விஷயத்தில் அவசரப்படக்கூடாது. பார்த்த உடனே 'இது ஹெல்வெட்டிகா' என்று தோன்றும். அந்தக் கால ஜப்பானிய செட்டுகளில் அதைப் போன்ற, அலங்காரமில்லாத எழுத்துதான் நிறைய வரும். ஆனால் போட்டுப் பார்த்தால் 'ஆர்' எழுத்தின் கால் வேறு மாதிரி மடங்கும், 'ஜி' எழுத்தின் வாய் வேறு மாதிரி மூடும். உயரம் அளந்தேன், 1.8 மி.மீ. ஹெல்வெட்டிகாவில் பெரிய எழுத்தின் உயரம் அதன் அளவில் ஏறக்குறைய 0.72 பங்கு. ஆக 7 பாயின்ட் எழுத்து போட்டால் உயரம் ஒத்துவரும். உயரம் வந்தது, அகலம் வரவில்லை. அதனால் எழுத்துருவை விட்டுவிட்டு, மிஞ்சியிருந்த எழுத்துகளையே இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் ஒன்றொன்றாகக் கோடிழுத்துப் பிரதி எடுத்தேன். 'பாஸ்' என்ற சொல்லில் இருந்த 'ஈ' எழுத்தை ரெக்குக்கும் ரிவைண்டுக்கும் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் வரும் எஜெக்டுக்கும் எடுத்துக்கொண்டேன். டார்ச் வெளிச்சத்தில் எடுத்த படத்தை அடியில் வைத்து அதன் மேல் பொருத்தினேன். எழுத்து எழுத்தாக ஒத்துவந்தபோது இதே கைதான் நாற்பது வருஷம் முன்பும் வரைந்தது என்ற உணர்வு வந்தது.

சரி, இனி அச்சு. கறுப்புப் பிளாஸ்டிக்கில் வெள்ளை எழுத்து, அலுமினியத்தில் கறுப்பும் சிவப்பும். இரண்டுக்கும் இரண்டு வழி.

அலுமினியப் பட்டையைக் கழற்றுவது முதல் வேலை. அது அடியில் ஒட்டுப் பட்டையால் ஒட்டியிருக்கிறது. நுனியைக் கத்தியால் நெம்பினால் மடிந்துவிடும், மடிந்த அலுமினியம் பிறகு எவ்வளவு தட்டினாலும் தழும்பு காட்டும். ஹேர் டிரையரால் ஓரத்திலிருந்து சூடு காட்டி, தூண்டில் நரம்பை அடியில் விட்டு இரண்டு கையாலும் ரம்பம் போல இழுத்தேன். முக்கால் மணி நேரத்தில் நேராக வந்தது.

அதை எடுத்துக்கொண்டு கடைத்தெருவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் அண்ணனிடம் போனேன். நம் ஊர்களில் இந்தத் தொழில் தெருவுக்குத் தெரு இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று இதுபோன்ற வேலைக்குப் போனால்தான் தெரிகிறது. வெளிநாட்டில் இதே ஆசை உள்ளவர்கள் தங்கள் கேரேஜில் ஃபிரேம் கட்டி, ஒளி பட்டால் இறுகும் எமல்ஷன் பூசக் கற்றுக்கொள்கிறார்கள். இங்கே முப்பது வருஷக் கைப்பழக்கம் உள்ள ஒருவர் டீ குடித்துக்கொண்டே கேட்கிறார்: "எத்தனை மி.மீ. எழுத்து? எதுமேல அடிக்கணும்?"

அவர் சொன்ன இரண்டு விஷயத்தால்தான் வேலை தேறியது. ஒன்று, ஃபிரேமில் மை இறங்கும் வலை. பத்திரிகைக்கு அவர் வழக்கமாகப் போடும் வலை இந்த எழுத்துக்குக் கரடுமுரடாக வரும் என்று, சென்டிமீட்டருக்கு 120 இழை உள்ள பாலியெஸ்டர் மெஷ் கட்டினார். எங்கள் எழுத்தின் கோடு 0.25 மி.மீ. தடிமன், அதற்குள் மூன்று இழைதான் வரும். அதற்கும் குறைந்தால் ஓரம் மாடிப்படி மாதிரி ஆகிவிடும். இரண்டாவது, மை. அட்டைக்கு அடிக்கும் மை அலுமினியத்தில் நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். பரிசுப் பொருள், கண்ணாடி டம்ளர், உலோக ஷீல்டு இவற்றுக்கு அடிக்கும் எபாக்ஸி மை வேண்டும். அதில் கெட்டிப்பான் கலந்தால் சில மணி நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும், பிறகு மை டப்பாவிலேயே இறுகிவிடும்.

எழுத்து மட்டும் கறுப்பாக விழுந்த பாசிட்டிவை நான் ஃபிலிமில் எடுத்துக் கொடுத்தேன். ஃபிரேமில் எமல்ஷன் பூசி இருட்டில் காயவைத்து, பாசிட்டிவை ஒட்டி ஒளி காட்டினார். எழுத்து மறைத்த இடத்தில் எமல்ஷன் இறுகாது, தண்ணீரைப் பீய்ச்சினால் அந்த இடம் மட்டும் கரைந்து வழி திறக்கும். ஈரமான வலையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தபோது, இரண்டு மி.மீ.கூட இல்லாத சொற்கள் வெளிச்சமாகத் தெரிந்தன. கறுப்புக்கு ஒரு ஃபிரேம், 'ரெக்' சிவப்புக்கு ஒரு ஃபிரேம்.

பட்டையில் அடிக்கும் முன் அதே தடிமனில் வெட்டிய அலுமினியத் துண்டுகளில் ஆறு முறை அடித்துப் பார்த்தோம். முதல் மூன்றில் மை ஓரத்தில் கசிந்தது. வலைக்கும் தகட்டுக்கும் இடையே இரண்டு மி.மீ. இடைவெளி வைத்து, மையை இழுக்கும் ரப்பர் பட்டையான ஸ்குவீஜியைக் கொஞ்சம் நிமிர்த்தி, ஒரே இழுப்பில் இழுத்தபோது கசிவு நின்றது. பிறகு அசல் பட்டை. கறுப்பு சரியாக விழுந்தது. சிவப்பு அரை மி.மீ. கீழே விழுந்தது. அண்ணன் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை, தின்னரில் நனைத்த துணியால் சிவப்பை மட்டும் ஈரத்தோடு துடைத்துவிட்டு, தகட்டின் மூன்று விளிம்பிலும் அட்டைத் துண்டு ஒட்டி நிறுத்தி மறுபடி அடித்தார். பிளாஸ்டிக்கில் இந்தச் சலுகை கிடையாது. உலோகத்தில் தப்பு செய்தால் துடைக்கலாம், பிளாஸ்டிக்கில் துடைத்தால் அடிப்பரப்பே போய்விடும். அதனால்தான் பிளாஸ்டிக் பக்கத்துக்கு ஸ்கிரீன் பிரிண்டிங்கை நான் யோசிக்கவே இல்லை. குமிழ்த் தண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும் பேனலில் ஃபிரேமைத் தட்டையாக வைக்கவும் முடியாது.

பட்டையை ஒரு வாரம் தொடாமல் அலமாரியில் வைத்தேன். மறுநாளே காய்ந்தது போலத் தெரியும், ஆனால் எபாக்ஸி முழுசாக இறுக அவ்வளவு நாள் கொடுக்க வேண்டும்.

இப்போது வால்யூம் எண்கள். சாதாரண பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது, கறுப்பு பேனல்காரர்கள் எல்லோரும் முட்டி நிற்கும் இடம் இதுதான். நான் போன வழி, டோனர் ஃபாயில். லேசர் பிரிண்டரின் டோனர் என்பது பிளாஸ்டிக் தூள், சூடு பட்டால் இளகும். தண்ணீரில் நனைத்து ஒட்டும் டெகால் பேப்பரில் எண்களை லேசரில் கறுப்பாக அச்சடித்து, அதன் மேல் வெள்ளை ஃபாயிலைப் பரப்பி, ஐடி கார்டு லேமினேஷன் செய்யும் மெஷினில் விட்டால், டோனர் இளகி அது இருக்கும் இடத்தில் மட்டும் ஃபாயிலின் வெள்ளைப் படலத்தைப் பிடித்துக்கொள்ளும். மீதி ஃபாயிலை உரித்தால் வெள்ளை எழுத்து நிற்கும். சூடு குறைந்தால் எழுத்து சொட்டை விழும், கூடினால் 4-ன் வயிறு அடைத்துக்கொள்ளும். எனக்கு எட்டாவது தாளில்தான் சரியான சூடு பிடிபட்டது.

இரண்டு சிக்கல் வந்தன. பேனலின் பிளாஸ்டிக் வழவழப்பாக இல்லை, மணல் தூவியது போல நுண்ணிய சொரசொரப்பு இருக்கிறது. அதன் மேல் டெகாலை ஒட்டினால் அடியில் காற்று தங்கி, காய்ந்ததும் எழுத்தைச் சுற்றி வெள்ளிப் படலம் போல ஒரு மூட்டம் தெரியும். அதற்கு, ஒட்டும் இடத்தில் மட்டும் பளபளப்பான கிளியரை, அதாவது நிறமில்லாத ஸ்ப்ரே பூச்சை, மெல்லிய தூவலாக முதலில் அடித்துப் பள்ளங்களை நிரப்ப வேண்டும். ஒட்டிய பிறகு வினிகர் கலந்த தண்ணீரைப் பிரஷால் தடவினால் படலம் இளகிப் படிந்துகொள்ளும். கடைசியில் மேலே மேட் கிளியர் அடித்தால் அந்தத் திட்டு மறைந்துவிடும். ஒரேயடியாக ஈரமாக அடித்தால் கிளியரில் உள்ள தின்னர் டெகாலைச் சுருட்டிவிடும் என்பதால், தூரத்திலிருந்து தூவித் தூவி நான்கு முறை.

இன்னொன்று நிறம். நாற்பது வருஷ வெள்ளை, பால் வெள்ளை இல்லை. உருக்கிய நெய் ஆறும்போது வரும் வெள்ளை அது. புது 3, 4, 5 பக்கத்தில் இருந்த பழைய 6-ஐ அழுக்காகக் காட்டின. மேலே அடித்த மேட் கிளியரில் மஞ்சளும் பழுப்பும் ஒரு துளி கலந்து, தனித் தகட்டில் அடித்துப் பார்த்து, வெயிலில் வைத்து ஒப்பிட்டேன். மூன்றாவது கலவை ஒத்துவந்தது. கிடைக்காமல் போன '3'-க்கு, '8'-ன் வளைவுகளை வெட்டி எடுத்து வடிவம் அமைத்தேன். அந்த ஒரு எண் மட்டும் என் ஊகம்.

பட்டன்களில் ரெக் பட்டனின் தலையில் மட்டும் குழிவாக ஒரு வட்டம் உண்டு. அதில் இருந்த சிவப்பு தேய்ந்துபோயிருந்தது. அதற்கு இவ்வளவு பாடு தேவையில்லை. காது குடையும் குச்சியின் நுனியால் சிவப்பு எனாமலைக் குழியில் விட்டு, ஐந்து நிமிஷம் கழித்து விசிட்டிங் கார்டின் விளிம்பால் மேற்பரப்பை வழித்துவிட்டால் குழியில் மட்டும் தங்கும்.

டயல் கண்ணாடியை நான் கழுவவே இல்லை. அதில் எண்கள் கண்ணாடியின் உட்பக்கத்தில் அச்சாகியிருக்கும், விரல் படாததால் அழிவதில்லை, ஆனால் நாளானால் செதில் செதிலாக உரியத் தயாராக இருக்கும். ஈரத் துணி பட்டாலே உரிந்துவிடும். உட்பக்கத்தில் காற்று மட்டும் ஊதினேன். வெளிப்பக்கத்தில், எஸ்டபிள்யூ 2 என்ற சிற்றலை வரிசையில் 9-க்குச் சற்று வலப்பக்கம், கடுகளவு ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது. அழுக்கு என்று நினைத்துத் துடைக்கப் போய், லென்ஸில் பார்த்தால் நெயில் பாலிஷ். மாமாவிடம் போன் போட்டுக் கேட்டேன்.

"அது உங்க அத்தை வச்சது தம்பி. தமிழோசை வர்ற இடம். நான் ராத்திரி மெஷின்ல உக்காந்திருப்பேன், அவதான் முள்ளைக் கொண்டுவந்து அந்தப் பொட்டுல நிறுத்துவா."

1941-ல் தொடங்கிய பிபிசி தமிழோசை, 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு வானொலியில் நின்றுவிட்டது. அந்தப் பொட்டில் முள்ளை நிறுத்தினால் இப்போது இரைச்சல்தான். அதைச் சுற்றி ஒரு மி.மீ. விட்டு மற்ற இடத்தை மட்டும் உலர்ந்த துணியால் துடைத்தேன். பளபளப்பு பாதி போயிருந்த முன்பக்கக் கம்பெனிப் பெயரையும் தொடவில்லை. சூட்டில் அழுத்திப் பதித்த வெள்ளி ஃபாயில் அது. கையால் தேடிப் படிக்கும் எழுத்து இல்லை என்பதால் தேய்ந்தபடியே இருக்கட்டும் என்று விட்டேன்.

புரட்டாசி முதல் வாரத்தில் எல்லாவற்றையும் மாட்டி, கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பட்டையின் மேல் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினார். பிறகு பேத்தியைத் தூக்கி ஸ்டூலில் நிறுத்தினார். ஒன்றாம் வகுப்புக் குழந்தை, ஒவ்வொரு ஆங்கில எழுத்தாகக் கூட்டி "பி... எல்... ஏ... ஒய்" என்று படித்தாள். சிவப்பு வட்டம் வந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இது தாத்தா மட்டும்" என்றாள்.

கறுப்பு, சிவப்பு ஃபிரேம் இரண்டையும் ஸ்கிரீன் பிரிண்டிங் அண்ணன் இன்னும் கழுவாமல் வைத்திருக்கிறார். முகூர்த்த சீசன் தொடங்கினால் அவருக்கு அந்த ஃபிரேம்கள் வேண்டும். அதற்குள் அதே அளவில் வெற்று அலுமினியப் பட்டை நான்கு வெட்டிக் கொண்டுபோய் அடித்து வாங்கிவிட வேண்டும்.